இடப்பக்கத்து எண்ணெய்

ரொக்சான் பியாசெக்கி இடக்கைக்காரி. மிச்சிகனின் பே சிட்டியில், பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் ஆடுகிற அத்தனை பேருக்கும் அவள்மேல் இருந்த ஒரே வருத்தம் அதுதான்.

பந்து உருளும் பாதைக்கு முன்பாதியில் எண்ணெய் பூசுவார்கள். எண்ணெய் இருக்கும்வரை பந்து வழுக்கிக்கொண்டு நேராகப் போகும். எண்ணெய் தீர்ந்த இடத்தில் மரத்தைப் பற்றிக்கொண்டு கட்டைகளை நோக்கி வளையும். அந்த வளைவு ஒரு சாண் முன்னால் வந்தாலும் கெட்டது, ஒரு சாண் தள்ளி வந்தாலும் கெட்டது. ஊரில் பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள். எல்லார் பந்தும் பாதையின் வலப்பக்கமே ஓடி ஓடி, ஒரு மணி நேரத்தில் அங்கே இருக்கிற எண்ணெயையெல்லாம் துடைத்து எடுத்துவிடும். அப்புறம் ஆளாளுக்கு நகர்ந்து நின்று, பந்தை மாற்றி, கோணத்தை மாற்றிச் சாக வேண்டும். இடப்பக்கமோ காலையில் பூசிய மேனிக்கு அப்படியே கிடக்கும்.

"உனக்கென்னடி மகராசி, இந்தப் பக்கம் ஊரே அடிச்சுக்கிட்டுச் சாகுது, நீ அந்தப் பக்கம் தனிக்குடித்தனம் பண்றே" என்பாள் கோலீன் பிராண்ட்.

கோலீன் வலக்கைக்காரி. தபால் நிலையத்தில் வேலை. போட்டிகளுக்கு இருவரும் ஒரே காரில்தான் போவார்கள், கோலீனுடைய காரில். ரொக்சான் ஓட்டினால் லாரி ஓட்டுகிற மாதிரி இருக்கிறது என்பது கோலீன் சொல்லும் காரணம். அதில் பொய்யில்லை. ரொக்சான் மாவட்டச் சாலைத் துறையில் லாரி ஓட்டுகிறவள். பனிக்காலத்தில் லாரியின் முன்னால் அகன்ற இரும்புத் தகடு கட்டிச் சாலையில் பனி தள்ளுவாள். கோடையில் தார்ச்சட்டியோடு பள்ளம் அடைப்பாள்.

அவளுடைய ஆட்டமும் அவளைப் போலவேதான். நாலு எட்டு நடப்பாள், குனிவாள், பந்தை அலுங்காமல் இறக்கி வைப்பாள். தொட்டிலில் பிள்ளையைப் போடுகிற மாதிரி இருக்கும். பந்து பெரிதாகச் சுழலாது. இடது ஓரத்திலிருந்து கொஞ்ச தூரம் தள்ளி, எப்போதும் ஒரே கோட்டில் போய், கடைசியில் லேசாகத் திரும்பி, முன்னால் நிற்கும் தலைக்கட்டைக்கும் அதன் இடப்பக்கத்துக் கட்டைக்கும் நடுவில் நுழையும். பதினாறு வயதில் பிடித்த கோடு அது. நாற்பத்து மூன்று வயதிலும் மாறவில்லை. மாற்ற வேண்டிய தேவை வந்ததில்லை.

ஆனால் ஒன்று. பெண்களுக்கான தேசியச் சுற்று வருடத்துக்கொரு முறை மிச்சிகனுக்கு வரும். சனிக்கிழமை எல்லாரும் ஆடுவார்கள். முதல் பன்னிரண்டு பேர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஒருவரோடொருவர் மோதுவார்கள். ரொக்சான் ஒவ்வொரு வருடமும் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவளுக்கு வாய்க்கவில்லை. பதினைந்தாம் இடம், பதினெட்டாம் இடம் என்று வந்து சனிக்கிழமை சாயங்காலமே வீடு திரும்பிவிடுவாள். இடக்கை இருந்தும் இப்படியா என்று ஊரில் கேட்பார்கள். அந்தக் கேள்விதான் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

இந்த வருடம் காலை ஆட்டங்கள் முடிந்தபோது அவள் ஏழாம் இடத்தில் இருந்தாள்.

"இன்னும் பாதி நாள் இருக்கு. வாயைத் தொறக்காதே" என்றாள் கோலீனிடம்.

"நான் எங்க தொறந்தேன்? உருளைக்கிழங்குதான் தின்னுக்கிட்டிருக்கேன்." கோலீன் பத்தாம் இடம். அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமைமேல் கண் இருந்தது.

மதியம் புதிதாக எண்ணெய் பூசி, ஆட்களையும் மாற்றிப் பிரித்தார்கள். ரொக்சானோடு அதே பாதைகளில் ஆட வந்தவள் டேரின் ஓபர்லின் என்ற இருபத்திரண்டு வயதுப் பெண். கான்சாஸில் கல்லூரி அணிக்கு ஆடி முடித்த கையோடு சுற்றுக்கு வந்தவள். பந்தை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பை வில்லாக வளைத்து வீசுவாள். பந்து பம்பரமாகச் சுழன்றுகொண்டு போகும். கட்டைகள் விழுகிற சத்தத்தில் பக்கத்துப் பாதையில் ஆடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவளும் இடப்பக்கத்துக்காரி.

முதல் ஆட்டம் நன்றாகவே போயிற்று. இரண்டாவதில் ரொக்சானின் பந்து வழக்கமான கோட்டில் போய், வழக்கத்துக்கு முன்னாலேயே திரும்பி, தலைக்கட்டையின் நெற்றியில் மோதியது. இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று என்று கட்டைகள் நின்றன. கை நழுவிவிட்டது என்று நினைத்தாள். அடுத்த முறையும் அதேதான். கட்டைவிரலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை உரித்துப் புதிதாக ஒட்டினாள். காலணியின் அடிப்பக்கத்தைத் துடைத்தாள். வாரமெல்லாம் தார் அள்ளிய வீக்கம்தான் என்று விரலைப் பனிக்கட்டித் தண்ணீரில் முக்கி எடுத்தாள். மூன்றாவது ஆட்டம் முடிந்தபோது புள்ளிப் பலகையில் அவள் பெயர் இருபதுக்குப் பக்கத்தில் இருந்தது.

கோலீன் அடுத்த பாதையில் ஆடிக்கொண்டிருந்தாள். தன் முறைக்குக் காத்திருந்தவள் இருக்கையின் மேலாகக் குனிந்தாள்.

"எதுக்குடி விரலை ஊறப்போட்டுக்கிட்டிருக்கே? ஊறுகாயா போடப்போறே?"

"கை சரியில்ல இன்னிக்கு."

"கை நல்லாத்தான் இருக்கு. எண்ணெய்தான் இல்ல. அந்தப் பொண்ணு வீசுற வீச்சுல உன் கோட்டுல இருந்த எண்ணெய் மொத்தமும் அவ பந்தோட போயிடுச்சு. அவ பந்து திரும்பி வந்தா துணியால துடைக்கிறா பாரு, துணி எப்படி மினுங்குது."

ரொக்சான் பார்த்தாள். துணி மினுங்கத்தான் செய்தது. இத்தனை வருடத்தில் இடப்பக்கத்துப் பந்து முன்னால் திரும்பினால் அது தன் கைக்குற்றம் என்றே பழகியவள் அவள். பாதை மாறும் என்பது அவளுக்குத் தெரியும். அது மற்றவர்களுக்கு மாறும் என்று நினைத்திருந்தாள்.

"இப்ப என்ன பண்றது?"

கோலீனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நாங்க தினம் படுற பாடுதான். யாரு எங்க போடறான்னு பாக்கணும், பேசணும், ஒதுங்கணும். போய்ப் பேசு."

"போட்டி போடறவகிட்டயா?"

"பின்ன போப்பாண்டவர்கிட்டயா?"

ரொக்சானுக்கு எழுந்திருக்க மனமில்லை. பௌலிங்கில் யாரிடமும் போய் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். அதுவும் தன் வயதில் பாதி இருக்கிற பெண்ணிடம். ஆனால் டேரினும் அவ்வளவு சந்தோஷமாக இல்லை. பெரிய வீச்செல்லாம் வீசியும், அவள் பந்து கடைசி நேரத்தில் வளையாமல் வழுக்கி, தலைக்கட்டையை உரசிக்கொண்டு போனது. அவளும் பதினாலாம் இடத்துக்கு இறங்கியிருந்தாள். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ரொக்சான் போய் நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "உன் பந்து என் கோட்டைத் தின்னுடுச்சு" என்றாள்.

டேரின் நிமிர்ந்தாள். "உங்க பந்து மட்டும் என்ன பண்ணுதாம்? அந்த வழுவழு பந்து எண்ணெயைக் குடிக்கவே மாட்டேங்குது. முன்னால தள்ளிக்கிட்டே போய், நான் வளைக்கிற எடத்துல கொட்டிட்டு வருது. எனக்கு அங்க பனிச்சறுக்கு மாதிரி இருக்கு."

"அப்படியா பண்ணுது?"

"அப்படித்தான். சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு ஆட்டமா யோசிச்சுக்கிட்டிருக்கேன். திட்டுவீங்களோன்னு பயம்."

ரொக்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் ஊரில் தன்னைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. "என் பக்கத்துல இன்னொருத்தி ஆடி நான் பாத்ததே இல்ல, கண்ணு. எனக்கு இது தெரியாது."

இருவரும் பாதையின் முன்னால் நின்று கையை நீட்டிப் பேசிக்கொண்டார்கள். டேரின் நடுப்பக்கமாக நகர்ந்து நிற்பது. அங்கிருந்து வீசினாலும் பந்தை இடது ஓரம்வரை விடாமல், தேய்ந்துபோன அந்தப் பழைய கோட்டிலேயே திருப்பிக்கொள்வது. ரொக்சான் அதைவிட்டு வெளியே, பாதையோரத்துப் பள்ளத்தை ஒட்டிய கடைசி இரண்டு மரப்பட்டையில் போடுவது. அங்கே இதுவரை யாரும் போகாததால் எண்ணெய் பூசியது பூசியபடி இருக்கும்.

"அங்க பந்து போக எடம் எது? கொஞ்சம் சாஞ்சா பள்ளம். பூஜ்யம்" என்றாள் டேரின்.

"ஊர்ல சாலையோரம் வரிசையா தபால் பெட்டி நட்டு வெச்சிருக்கான். ஒண்ணையும் இடிக்காம பனி தள்ளுறவ நான். அதை நான் பாத்துக்கறேன்."

"அந்தப் பந்தும் வேணாமே. எண்ணெயைத் தள்ளாத பந்து ஏதாவது…"

அங்கேதான் ரொக்சான் தயங்கினாள். அந்தப் பந்தின் ஓட்டைகள் அவள் விரலுக்கே வார்த்த மாதிரி தேய்ந்திருந்தன. மாற்றுக்கென்று வைத்திருந்த சொரசொரப்பான பந்தை அவள் நம்பி ஆடியதே இல்லை. பழைய பந்து இல்லாமல் கடைசி ஓரத்தில் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம். பலகையைப் பார்த்தாள். தன் பெயர் இருந்த இடத்தைப் பார்த்தாள். பழைய பந்தைத் துடைத்துப் பையில் போட்டாள்.

முதல் வீச்சு பள்ளத்தில் விழுந்தது.

டேரின் கண்ணை மூடிக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க" என்றாள்.

"நீ ஏன்டி மன்னிப்பு கேக்கறே? போட்டது நான்."

இரண்டாவது பந்தில் கட்டைகளை அடித்து ஒப்பேற்றினாள். அடுத்த வீச்சு ஓரத்திலேயே உருண்டது. விழப்போகிறது என்று பின்னால் யாரோ சொன்னார்கள். விழவில்லை. கடைசியில் நிதானமாக உள்ளே திரும்பி நட்டநடுவில் நுழைந்தது. பத்தும் போயின. அதற்கடுத்ததும் அப்படியே. டேரினின் பந்து உள்ளே இருந்து புறப்பட்டு வளைந்து வந்து இடித்தது. ஒருத்தி பாதை இன்னொருத்திக்குக் குறுக்கே வரவில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் பிறகு டேரின், "இன்னும் பிடிக்குதா அங்க?" என்று கேட்பாள். "பிடிக்குது. உனக்கு?" என்பாள் ரொக்சான். அந்த ஆட்டத்திலும் அதற்கடுத்ததிலும் இருவர் பெயரும் பலகையில் மேலே ஏறிக்கொண்டே வந்தன.

கடைசி ஆட்டத்தில் டேரின் ஒன்பதாம் இடத்தில் முடித்தாள். பன்னிரண்டாவது இடத்தில் ஆட்டம் முடித்துவிட்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அது கோலீன்.

ரொக்சானுக்கு அந்த ஆட்டத்தில் கடைசி முறை மட்டும் பாக்கி. கணக்கு எல்லாருக்கும் தெரியும். முதல் பந்தில் பத்தும் விழ வேண்டும், அப்படி விழுந்தால் கூடுதலாகக் கிடைக்கும் இரண்டு பந்தில் இன்னொரு பத்து விழ வேண்டும். ஒன்று குறைந்தாலும் கோலீனைத் தாண்ட முடியாது.

ஒரு நொடி கோலீனைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் மூஞ்சில என்ன எழுதியிருக்கு? போடு!" என்று கத்தினாள் கோலீன்.

முதல் பந்தில் பத்தும் விழுந்தன. இரண்டாவது பந்து விளிம்பின்மேலேயே உருண்டு திரும்பியது. ஒன்பது விழுந்தன. இடது கோடியில் ஒற்றைக் கட்டை ஆடி, யோசித்து, நின்றுவிட்டது. ரொக்சான் கையைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கட்டைக்கு எண்ணெயும் வேண்டாம், வளைவும் வேண்டாம். குறுக்கே நேராக ஒரு கோடு. விட்டாள். கட்டை பின்சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது.

டேரின் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. கோலீன் மெதுவாக வந்தாள். பதின்மூன்றாம் இடம்.

"எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்" என்றாள். "போய்ப் பேசுன்னு நான் ஏன் சொன்னேன்?"

"கோலீன், நான்…"

"எதுவும் சொல்லாதே. அப்புறம் அழுதுடுவேன், அசிங்கமா இருக்கும். நாளைக்கு உன் பந்தெல்லாம் நான்தான் துடைப்பேன். பீர் நீதான் வாங்கித் தரணும். சரியா?"

"சரி."

ரொக்சான் வெளியே வந்து காரில் சாய்ந்துகொண்டு வீட்டுக்குப் போன் செய்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. கணவன் வெர்ன் எடுத்தான்.

"கிளம்பிட்டீங்களா? கறியை அடுப்புல வைக்கட்டுமா?"

"வேணாம் வெர்ன். நான் இன்னிக்கு வரல."

"ஐயையோ, கோலீன் கார் கெட்டுப்போச்சா? எங்க நிக்கறீங்க? நான் லாரி எடுத்துட்டு வரேன்."

"கார் நல்லாத்தான் இருக்கு."

அந்தப் பக்கம் நாற்காலி தரையில் இழுபடுகிற ஓசை கேட்டது.

"எத்தனை மணிக்கு?" என்றான் வெர்ன். "காலையில எத்தனை மணிக்கு ஆரம்பிப்பாங்க?"