கெடார் தாழிக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

விழுப்புரத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகம். பழைய கட்டடம், மூன்றே அறைகள். அதன் பொறுப்பாளர் ஹேமலதா என்னுடன் கல்லூரியில் படித்தவர். "வர்றவங்க பத்து நிமிஷத்துல வெளிய போயிடறாங்க. நீ ஊர் ஊரா சுத்தறவன். வந்து பார்த்துட்டு என்ன மாத்தலாம்னு சொல்லு" என்று கூப்பிட்டார். போன தை மாதம், ஒரு சனிக்கிழமை காலை கிளம்பினேன்.

சென்னையிலிருந்து நேரடிப் பேருந்து உண்டு. நான் இட்லிக்காகத் திண்டிவனத்தில் இறங்கி, வேறு பேருந்து பிடித்தேன். அங்கிருந்து விழுப்புரம் சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு நூறு ரூபாய்.

இரண்டாவது அறையின் மூலையில்தான் அந்தத் தாழி இருந்தது. இறந்தவர்களை வைத்துப் புதைத்த பழங்காலத்து மண்பானை. முழங்கால் உயரம்தான். உள்ளே ஒரு குழந்தையின் எலும்புகள்.

"இங்க இருக்கறதுலயே இதுதான் முக்கியம். இதைப் போய் இருட்டுல வெச்சிருக்கியே. மேலேருந்து நல்ல விளக்கு போடு. பக்கத்துல நின்னு படம் எடுத்துக்க இடம் விடு" என்றேன். ஹேமா அப்போதே மேசை விளக்கைக் கொண்டுவரச் சொன்னார். நான் அதைத் தாழிக்கு மேலே பிடித்தேன். எலும்புகள் வெள்ளையாகத் தெரிந்தன. அடுத்த அறையிலிருந்த கல்லூரி மாணவர்கள் ஓடிவந்து, தாழிக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் அருகிலுள்ள கெடார் கிராமத்திலிருந்து ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள்.

"எங்க கொல்லையில கெடச்சதுங்க இது. மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணி பாய்ச்ச பைப்பு பொதைக்கத் தோண்டினோம்" என்றார் கணவர் முருகேசன், பெருமையாக. அவர் மனைவி அஞ்சலை எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஏங்க, அந்த லைட்ட அணைங்க."

"ஏம்மா, சரியா தெரியலையா?" என்றேன்.

"நல்லாத்தான் தெரியுது. அதான் சொல்றேன். பச்சக் கொழந்த அது. மண்ணுக்குள்ள தூங்கிக்கினு இருந்தத நாங்கதான் எழுப்பிட்டோம். நீங்க பல்லக் காட்டிக்கினு போட்டோ புடிக்கிறீங்க."

"சும்மா இரும்மா, பேஜாரு பண்ணாத" என்றார் முருகேசன்.

"திருப்பிக் குடுத்துடச் சொல்லுங்க. எடுத்த எடத்துலயே வெச்சிடலாம்."

"அப்படிக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. பசங்க இதப் பார்த்துத்தான் இந்த மண்ணுல அந்தக் காலத்துலயே மனுஷங்க வாழ்ந்தாங்கன்னு தெரிஞ்சுக்கறாங்க" என்றார் ஹேமா, தணிந்த குரலில்.

"தெரிஞ்சுக்கட்டும். அதுக்குன்னு இப்பிடியா தொறந்து போட்டு வெப்பீங்க?"

நான் விளக்கை அணைத்தேன். அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியேறினார். முருகேசனும் அவர் பின்னால் போனார்.

அதன்பிறகு நானும் ஹேமாவும் வெகுநேரம் வாதாடினோம். நான் சொன்ன யோசனையை விட்டுவிடு என்றேன். "இருட்டுலயே வெச்சா யாரும் நிக்கவே மாட்டாங்களே" என்றார் அவர். அதுவும் உண்மைதான். கடைசியில், தாழியோடு கிடைத்த மூடி கிடங்கில் இருப்பது அவருக்கு நினைவு வந்தது. அதைத் தாழிமேல் திரும்ப வைக்க மேலிடத்தில் அனுமதி வாங்கவே சில மாதங்கள் ஆயின.

ஆடியில் மறுபடி போனேன். தாழியின் மீது மூடி இருந்தது. மங்கலான மஞ்சள் விளக்கு, எதிரே ஒரு பெஞ்சு. உள்ளே இருப்பதைச் சுவரில் கோட்டோவியமாக வரைந்திருந்தார்கள். பலகையில், 'இது ஒரு குழந்தையின் கல்லறை. கெடாரில் அஞ்சலை, முருகேசன் நிலத்தில் கிடைத்தது. படம் எடுக்க வேண்டாம்' என்று இருந்தது. ஹேமா சொல்லியனுப்பியதால் அஞ்சலையும் வந்திருந்தார். வெகுநேரம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"இப்ப பரவால்லியாம்மா?" என்று கேட்டேன்.

"பரவால்லன்னு எப்பிடிங்க சொல்றது? கொல்லையிலயே இருந்திருக்கலாம். ஆனா இனிமே வந்து பாத்துட்டுப் போவேன்."

வருபவர்களை அதிக நேரம் நிற்கவைப்பது எப்படி என்று யோசிக்கத்தான் நான் போனேன். அங்கே எப்படி நிற்க வேண்டும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை விடுமுறை. மதியம் ஒரு மணி நேரம் மூடிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள். பிள்ளைகளோடு போனால், பானைக்குள் என்ன இருக்கிறது என்று கட்டாயம் கேட்பார்கள். சுவரிலுள்ள ஓவியத்தைக் காட்டிச் சொல்லுங்கள், மெதுவான குரலில்.