எந்தப் பக்கம் நகர்கிறது

பழுதுபார்க்கும் பிரிவில் அவளை எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு மில்லிவோல்ட்டுக்கும் கணக்குக் கேட்கிறவள் என்று யாரோ கிண்டலாக வைத்த பெயர், நாளாவட்டத்தில் மேலதிகாரி வாயிலும் ஏறிவிட்டது. ரத்தம் பரிசோதிக்கும் மெஷின்கள் அவள் மேஜைக்கு வரும். அடியோடு செத்துப்போன மெஷினில் அவளுக்குச் சுவாரசியம் இல்லை. உயிரோடு இருந்துகொண்டே பொய் சொல்கிற மெஷின் வந்தால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவாள்.

வீட்டிலும் அப்படித்தான். அம்மா தவறிப்போனபோது தம்பி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் காய்ச்சல் என்றால் சொந்தத் தெர்மாமீட்டரை நம்பாமல் பக்கத்து வீட்டில் இன்னொன்று வாங்கி வந்து பார்ப்பாள். அவளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் "இவன் ஒரு வழிக்கு வரட்டும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் பஸ் டிரைவராகி, கல்யாணமும் செய்துகொண்டு ஒரு வழிக்கு வந்தபோது, கேட்டு வருகிறவர்கள் நின்றுபோயிருந்தார்கள். அதற்காக அவள் வருத்தப்பட்டு யாரும் பார்த்ததில்லை. இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தத் தம்பிக்குத்தான் சிறுநீரகம் மக்கர் செய்தது. சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்த்தார்கள். வந்த எண் சரியாக எல்லைக்கோட்டில் நின்றது. இன்னும் கொஞ்சம் கூடுதல் என்றால் மருந்து போதாது, டயாலிசிஸுக்குத் தயாராக வேண்டும் என்றார் டாக்டர்.

"மெஷின் தப்பா காட்டியிருக்கும்டா" என்றாள்.

"உனக்கு உலகத்துல இருக்கிற மெஷின் எல்லாமே திருடன்தான்" என்று சிரித்தான் தம்பி. ஆனால் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "அப்படி இருக்க வாய்ப்பு இருக்காக்கா?" என்று தணிந்த குரலில் கேட்டான்.

அடுத்த வாரம் ஒரு மெஷின் வந்தது. காலையில் ஒரு ரிசல்ட், மத்தியானம் வேறொரு ரிசல்ட் என்று புகார். மேலே ஒட்டியிருந்த பரிசோதனைக் கூடத்தின் பெயரைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. தம்பி ரத்தம் கொடுத்த இடம். அதுவும் டியூட்டி முடிந்து மத்தியானம்தான் போய்க் கொடுத்திருந்தான்.

மறுநாள் காலை வேறு வேலை எதையும் தொடவில்லை. அந்த மெஷினுக்குள் ஒரு விளக்கு உண்டு. மருந்து சேர்த்து நிறமேற்றிய ரத்த நீரின் ஊடாக அதன் ஒளி போகும். கழிவு அதிகமென்றால் நிறம் அடர்த்தியாக இருக்கும். மறுபக்கம் வந்து சேரும் ஒளி குறையும். விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிய வேண்டும் என்ற எண்ணை வாங்கி மின்னழுத்தமாக மாற்றுவது டிஏசி என்கிற சின்னச் சிப். அது தன் பக்கத்தில் உள்ள ரெஃபரன்ஸ் என்ற இன்னொரு சிப்பின் மின்னழுத்தத்தை வைத்துத்தான் அளக்கும். எது ஆடினாலும் அந்த ரெஃபரன்ஸ் மட்டும் ஆடக்கூடாது.

பரிசோதனைக் கூடத்தார் காலையில் கதவைத் திறந்ததும் வெறும் நீரை வைத்து, இதுதான் முழு ஒளி என்று மெஷினுக்கு ஒருமுறை காட்டுவார்கள். அதோடு சரி. கூட்டம் சேர்ந்த பிறகு மறுபடி காட்ட யாருக்கு நேரம்? அவளும் அவர்களைப் போலவே ஒருமுறை காட்டிவிட்டு மெஷினை ஓடவிட்டாள்.

மெஷின் சூடாகச் சூடாக டிஏசியிலிருந்து வரும் மின்னழுத்தம் நகரத் தொடங்கியது. முதலில் பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டாள். அது கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. டிஏசியை மாற்றிப் பார்த்தாள், நகர்வு நிற்கவில்லை. கடைசியில் ரெஃபரன்ஸ் சிப்பின் மேல் குளிர் ஸ்பிரேயை ஒரு சின்ன அழுத்து அழுத்தினாள். மீட்டர் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பியது. ஸ்பிரேயின் குளிர் விட்டதும் மறுபடி நகர்ந்தது.

"பிடிச்சிட்டேன்!" என்று கத்தினாள்.

பக்கத்து மேஜைக்காரர், எல்லோருக்கும் ஸ்க்ரூ அண்ணன், தலையைத் தூக்கினார். "என்னம்மா, லாட்டரி விழுந்த மாதிரி குதிக்கிற?"

"அதுக்கும் மேலண்ணே."

அவளுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. படிக்கட்டுப் பக்கம் போய்த் தம்பிக்குப் போன் போட்டாள். "டேய், மெஷின் கோளாறுடா. என் கண்ணால பாத்தேன். உன் ரிசல்ட்டே தப்பு."

மறுமுனையில் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அக்கா, நீ மட்டும் இல்லன்னா..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் வைத்துவிட்டான்.

திரும்பி வந்ததும், எதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கும் வழக்கப்படி, அளவு தெரிந்த சோதனைத் திரவத்தை உள்ளே வைத்தாள். காலையில் அது சரியான எண்ணைத்தான் காட்டியிருந்தது. இப்போது குறைத்துக் காட்டியது.

இன்னொரு முறை வைத்தாள். அதே எண்.

"என்னம்மா, முகம் செத்துப்போச்சு?" என்றார் ஸ்க்ரூ அண்ணன்.

அவள் மீட்டரைத் திரும்பப் பார்த்தாள். ரெஃபரன்ஸ் ஏறியிருக்கிறது. அதனால் விளக்கு கூடுதலாக எரிகிறது. கூடுதல் ஒளி வந்து சேர்வதைப் பார்த்துக் கழிவு குறைவு என்று மெஷின் நினைத்துக்கொள்கிறது. நகர்கிறதா என்று மட்டும்தான் அவள் பார்த்திருந்தாள். இத்தனை வருஷ வேலையில், எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்காமல் வாயைத் திறந்தது இதுவே முதல் தடவை. தம்பியின் உண்மையான எண் எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தது.

மேலதிகாரி வந்து பார்த்தார். "சிப்பை மாத்தி அனுப்பிடு, மில்லி."

"மாத்துறேன் சார். ஆனா மத்தியானத்துக்கு மேல ரத்தம் குடுத்தவங்க எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும். அவங்களுக்கெல்லாம் குறைச்சுக் காட்டியிருக்கு."

"அந்த லேப்காரங்ககிட்ட நானே பேசுறேன்" என்றார் அவர்.

சாயங்காலம் தம்பி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவன் மனைவி ஓடி வந்தாள். "வாங்க அண்ணி! உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும். மத்தியானத்துலேருந்து உங்க தம்பி பாடிக்கிட்டே இருக்காரு, காது கொடுத்துக் கேக்க முடியல." தம்பி மனைவியின் முகம் இத்தனை தெளிவாக இருந்து நாளாகிவிட்டது. அண்ணிக்கு ஏதாவது செய்கிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டான். "அக்கா, வெளியூர் வண்டிக்குப் பேர் குடுத்துட்டேன். இனிமே என்ன பயம்?"

"மெஷின் தப்புதான்டா" என்றாள்.

"அதான் சொன்னியே."

"எந்தப் பக்கம் தப்புன்னு பாக்காம சொல்லிட்டேன்."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. "ஸ்பீடோமீட்டர் கம்மியா காட்டுற மாதிரியா?"

"ஆமா."

"அப்ப நான் நினைச்சதைவிட வேகமாத்தான் போயிட்டிருக்கேன்."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் காய்ச்சலில் கிடந்த நாட்களில் அவள்தான் அப்படிப் பிடித்துக்கொள்வாள்.

"நாளைக்குக் காலையில வேற இடத்துல எடுத்துடலாம். நானும் வரேன்" என்றாள்.

"அந்த மெஷின் சரியா இருக்குமா?"

அது சரியாக இருக்கக் கூடாது என்று அவள் மனசு கெஞ்சியது. "இருக்கும்" என்றாள்.

அவன் எழுந்தான். "அவகிட்ட நானே சொல்றேன். நீ சொன்னா விளக்கு, சிப்புன்னு ஆரம்பிச்சிடுவ."

அவன் உள்ளே போனான். பாத்திரம் கழுவும் சத்தம் சிறிது நேரம் கேட்டது. பிறகு குழாய்த் தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.