யாரும் பறிக்காத பூவின் பேர்

இன்று காலை சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் ஏறி நின்றபோது, பக்கத்தில் நின்ற முனுசாமி கேட்டான்: "பொண்ணுக்கு இன்னா பேருடா வெச்சே?"

"எருக்கம்மா" என்றேன்.

கேஜுக்குள் அத்தனை பேரும் என்னைவிட்டு விலகி நின்றார்கள்.

"குடிகெட்ட வூட்டுலதான்டா எருக்கு மொளைக்கும். உள்ள எறங்கற நேரத்துல அத்தப் போயி சொல்றியே!" என்று சொல்லி முனுசாமி கேஜைவிட்டு வெளியேறிவிட்டான். அடுத்த கேஜில்தான் வந்தான்.

முதல் இரண்டு பெண்களுக்கும் மல்லிகா, செண்பகம் என்று ஆசையாகத்தான் பேர் வைத்தோம். தவழும் முன்பே இரண்டும் போய்விட்டன. இந்த முறை, குப்பம்மா என்று வை, எமன் தொடமாட்டான் என்றார்கள். என் மனைவி ஒப்பவில்லை.

"பூ பேருதான் வேணும். தலையில வெக்க யாரும் பறிக்காத பூவா இருக்கட்டும்" என்றாள்.

அப்போது சரியாகத்தான் பட்டது. இன்று மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாறையைக் குடைந்தபோது அதே நினைப்புதான். என் வீட்டில் நானே எருக்கை நட்டுவிட்டேனோ? காலையில் குழந்தைக்கு உடம்பு சுட்டதே?

ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்கு ஓடினேன். குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் இன்னும் சூடு இருந்தது.

பின்னாலேயே முனுசாமி வந்து நின்றான். அவனும் ஒரு பிள்ளையைப் புதைத்தவன். அவன் மனைவிக்கு இது நிறைமாதம். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"அந்த மாதிரி இன்னொரு பூ பேரு சொல்லேன்டா."

எனக்கு ஊமத்தை ஒன்றுதான் தோன்றியது. யாரும் தலையில் வைக்காத பூ வேறு ஏதாவது தெரிந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். முனுசாமி மனைவிக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டதாம்.