சுகந்தியின் வாக்கு

என் மனைவியின் வாக்கை நான் திருடினேன். அவளுக்கு இன்னும் தெரியாது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

திருடினேன் என்பதும் சரியா? அவள் கைக்கு வந்து சேராத ஒன்றை எப்படித் திருடுவது! வழியில் மறித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கியூபெக் தனிநாடாவதா என்று மறுபடியும் வாக்கெடுப்பு வரக்கூடும் என்ற பேச்சு மொன்றியலில் அடிபடத் தொடங்கிய குளிர்காலம். யாருக்கெல்லாம் வாக்கு உண்டு என்று தேடிப் படித்தேன். கனடியக் குடியுரிமை, பதினெட்டு வயது, இந்த மாகாணத்தில் ஆறு மாத வாசம். என்ன விசித்திரம்! போன வைகாசியில் டொரொண்டோவிலிருந்து குடிவந்த என் மச்சானுக்கு உண்டு. பதினோரு ஆண்டுகளாக இதே நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில், மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரைப் பெட்டி அடுக்கும் சுகந்திக்கு இல்லை. குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுத் தேர்வுக்காகக் காத்திருந்தாள்.

"கிடைச்ச உடன 'இல்லை' எண்டுதான் போடுவன்," என்றாள், கீரை ஆய்ந்தபடி. "இலங்கையில பட்டது காணும். இன்னொருக்கா எல்லை, பாஸ், செக்பொயின்ட்... என்னால ஏலாது."

நான் 'ஓம்' பக்கம். தனிநாடு கேட்கும் ஒரு சனத்துக்கு எந்த வாயால் இல்லை என்பேன்?

"அப்ப உங்கட ஓமும் என்ர இல்லையும் வெட்டுப்பட்டுப் போகும்!" சிரித்தாள். "ரெண்டு பேரும் குளிருக்க வரிசையில நிக்கத் தேவையில்லையப்பா. வீட்டில இருந்து தேத்தண்ணி குடிப்பம்."

நானும் சிரித்தேன். உள்ளே ஏதோ ஒன்று சிரிக்கவில்லை... இருபது வயதில், ஊரில் சொல்லக் கிடைக்காத ஓர் 'ஓம்' என்னிடம் மிச்சமிருந்தது. அதையா இவள் வெட்டுவாள்?

சுகந்தியின் மின்னஞ்சல்களையும் பார்ப்பவன் நான். மாசியில் தேர்வுக்கான அழைப்பு வந்தது. அழித்தேன். ஒரு விரலின் தொடுகை, அவ்வளவே! பிறகு இரண்டாவது அழைப்பு. முதலாவதைத் தடுமாற்றம் எனலாம். இரண்டாவதை? சித்திரையில், தேர்வுக்கு வராததால் அவளுடைய கோப்பு மூடப்பட்டது என்ற அறிவித்தல். அதையும்...

அந்த விரலை இப்போதும் ஒரு வேற்று மனிதனுடையதைப் போல் உற்றுப் பார்க்கிறேன். எங்கிருந்து வந்தது அதற்கு அந்த அதிகாரம்? வாக்கெடுப்புக்கு நாள்கூடக் குறிக்கப்படவில்லை. வராமலே போகலாம். சனத்திடம் கேளுங்கள் என்று இளமையில் ஊர்வலம் போனவன் நான். சுகந்தி சனம் இல்லையா?

புதிதாக விண்ணப்பிக்கலாம். அதற்கு அவளிடம் சொல்லவேண்டும்.

போன ஞாயிறு அவளே கேட்டாள். "நான் ஏதும் பிழையா எழுதிப்போட்டனோ? என்னோட வேலை செய்யிற ஹெயிட்டிக்காரி எனக்குப் பிறகுதான் விண்ணப்பம் போட்டவள். அவளுக்கு வந்திட்டுது. அப்பான்ர பேரை மாறி எழுதினனோ தெரியேல்லை..."

தன் வாழ்க்கை முழுவதிலும் ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தாள்!

"பாப்பம்," என்றேன்.

"சரி, கேள்வி கேளுங்கோ. படிச்சதெல்லாம் மறந்திடும்." தேர்வுப் புத்தகத்தை என் மடியில் வைத்தாள்.

விரிந்த பக்கத்தில் இருந்ததைக் கேட்டேன். "வாக்களிக்கத் தகுதியுடையவர் யார்?"

கண்களை மூடி, விரல் மடித்துச் சொன்னாள். "சிற்றிசனா இருக்கவேணும். பதினெட்டு வயசு. பட்டியலில பேர் இருக்கவேணும்." கண் திறந்தாள். "சரியோ?"

"சரி," என்றேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.