மயக்க டாக்டர் வந்திருந்த நாள்

பிரசவ வார்டில் குழந்தை எப்படிப் பிறக்கும் என்று எங்களுக்குத் தெரியும். எத்தனை மணிக்கு என்று தெரியாததுதான் தொல்லை. என்னோடு நின்று கால் வீங்கிய சிஸ்டர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வந்ததோடு இன்னொன்று

தாம்பரத்தில் எங்களுடையது சின்ன ஆஸ்பத்திரி. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வெளியிலிருந்துதான் வருவார். அன்று ஒரு குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்திருந்தார். கோவளத்தில் மீன் விற்கும் கலைவாணி, தலைப்பிரசவம், வலியோடு படுத்திருந்தாள். குழந்தையின் தலை கீழே, துடிப்பு நன்றாக இருந்தது, ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் எங்கள் பிரசவ டாக்டர் மேடம், "அவர் இருக்கும்போதே சிசேரியன் பண்ணிடலாமா?" என்றார்.

எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன்? சிசேரியன் என்றால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். மயக்க டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்: "பண்ணிடுங்க மேடம், மேடவாக்கம் டிராஃபிக்ல என்னை மறுபடி வர வெக்காதீங்க."

பேனாவைத் திருப்பிக் கொடுத்தவள்

சம்மதப் படிவத்தை நீட்டினேன். "புள்ளைக்கு எதுனா ஆபத்தா சிஸ்டர்?" என்றாள் கலைவாணி. இல்லை என்றேன். "எனுக்கு எதுனா கீதா?" அதுவும் இல்லை.

பதினாலு வருஷத்தில் என்னை இப்படி யாரும் மடக்கியதில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அவள் பேனாவை என் கையில் வைத்தாள்: "வவுத்தக் கீறிட்டா நான் எப்டி மீன் கூடை தூக்குறது? இவ்ளோ அவசரம் யாருக்கு சிஸ்டர்?"

வராந்தா நடை

மேடத்திடம் போய், "நான் கூடவே இருக்கேன், காத்திருக்கலாம் மேடம்" என்றேன். "ஏதாவது ஆச்சுன்னா சொந்தக்காரங்க என் சட்டையைத்தான் பிடிப்பாங்க ஸ்டெல்லா" என்றார். அந்தப் பயமும் பொய்யில்லை. கடைசியில், அரை மணிக்கொரு தடவை துடிப்பு பார்க்கணும், கொஞ்சம் குறைந்தாலும் ஆபரேஷன் தியேட்டர் என்று ஒத்துக்கொண்டார்.

மயக்க டாக்டர், கூப்பிட்டால் வரத்தானே வேண்டும் என்று முனகிக்கொண்டே கிளம்பிவிட்டார். கலைவாணியை வராந்தாவில் நடக்கவிட்டேன். வலி வந்தால் என் தோளைப் பிடித்துக்கொள்வாள். ஒவ்வொரு முறை துடிப்பு பார்க்கும்போதும் எனக்குத்தான் மூச்சு நின்றது. சாயங்காலம் பெண் குழந்தை, கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும். மேடம் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். கலைவாணி என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தாள்: "இன்னா சிஸ்டர், நீ பெத்த மாதிரி வேர்த்துகினு கீற!"

பெறுகிறவளைவிடப் பக்கத்தில் நிற்கிற எங்களுக்குத்தான் பொறுமை சீக்கிரம் போய்விடுகிறது.