அச்சடித்த அழைப்பிதழ்

ஞாயிறு காலை பத்து மணி ஐந்து நிமிடம். கனடாவின் விட்பி நகரில், அக்கா வீட்டு வாசலில், எங்கள் செருப்புக் குவியலைப் பார்த்துச் சின்னக் கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டு நின்றார் ஓர் உயரமான வெள்ளைக்காரப் பெண்மணி. முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை, கழுத்தில் முத்துமாலை. அக்காவின் மகளுக்கு மாமியாராகப் போகிறவர். ஜெர்மன் பிரபு குடும்பம், நாவலாசிரியர். எதைக் கண்டாலும் எழுதுவார்.

“உங்கடை பக்கத்தாலை ஆர் வருவினம்?” அக்கா கேட்டாள். நான் அதை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

“என் அண்ணன் ஒருவர்தான்,” என்றார் அவர். “ குடும்பத்தின் அந்தஸ்துப் பெருமையை நான் நாவலாக்கியதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. அழைப்பிதழ் அனுப்பினேன், பதில் இல்லை.”

“கார்ட்டைத் தபாலிலை போட்டா ஆர் வருவினம்? வாயாலை சொல்லவேணும். தம்பி, இவவுக்குச் சொல்லு.”

சொன்னேன்.

“எங்கள் குடும்பத்தில் திருமணத்துக்குத் தொலைபேசியில் அழைப்பது மரியாதையில்லை.”

“அண்ணரைக் கதையிலை நாறடிக்கேக்கை உந்த மரியாதை எங்கை போனது?”

அதையும் அப்படியே சொன்னேன். அவர் உரக்கச் சிரித்து, அந்த வரியைக் கொப்பியில் எழுதினார். பிறகு கைபேசியுடன் வீட்டின் பின்பக்கம் போய் நாற்பது நிமிடம் பேசினார்.

அண்ணன் திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டார்.