சிவப்புப் பொட்டு வரைக்கும் திருப்பினேன்

எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்றவள். மறதியும் சேர்ந்துகொண்டது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சாமி படத்துக்குக் கீழே இருக்கிற இந்த இரும்பு மூடியைப் பற்றி எதுவும் மறக்கவில்லை. சாத்துக்குடி அளவு இருக்கும். நடுவில் திருப்புகிற குமிழ். ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு, ஒரு சிவப்புப் பொட்டு.

எங்கள் பழைய ஜீப்பின் இடது முன்சக்கரத்தில் இருந்தது இது. இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாதென்று பெயிண்டில் பொட்டு வைத்தவன் என் கூடப் பிறந்த தம்பி. வெள்ளைக்குத் திருப்பினால் முன்சக்கரம் தன் பாட்டுக்கு உருளும், டீசல் மிச்சம். மணலில் மாட்டினால் இறங்கி இரண்டு பக்கமும் சிவப்புக்குத் திருப்ப வேண்டும், நாலு சக்கரமும் இழுக்கும். வாங்கியபோது ஜீப்பில் இந்த வசதி இல்லை. தம்பிதான் எங்கள் வாசலில் ஜாக்கி போட்டு, முன் அச்சைப் பிரித்து, மூன்று நாளில் மாற்றினான். நான் என் நீலப் புடவையைக் கிழித்து, மண்ணெண்ணெயில் நனைத்து, ஒவ்வொரு சாமானாகத் துடைத்துக் கொடுத்தேன். கடைசி நாள், இடது பக்கம் சரியாக உட்காரவில்லை என்று அச்சு முனையை அரத்தால் ராவிக்கொண்டிருந்தவன், “அக்கா, டீ போட்டுகினு வாயேன்” என்றான். நான் வருவதற்குள் மூடியை மாட்டி முடித்துவிட்டான். “முடிஞ்சிச்சு பாவா, இனிமே மலையே ஏறும்” என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னான். இரண்டு மூடிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தேன்.

அந்த ஐப்பசியில், பள்ளிப்பட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் அம்மாவுக்கு முடியவில்லை, உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று ஆள் வந்தது. தம்பி முன்னாலேயே போயிருந்தான். நானும் வீட்டுக்காரரும் ஜீப்பில் ஆற்றைக் கடக்கும்போது ஈர மணலில் பின்சக்கரம் புதைந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கிக் குனிந்து, இரண்டு பக்கமும் சிவப்புப் பொட்டு வரைக்கும் திருப்பினேன். பின்சக்கரம்தான் சுற்றியது. முன்சக்கரம் அசையவில்லை.

“சரியா திருப்பினியா?”

“ஆங், திருப்பினேங்க.”

மாடு கட்டி இழுத்துப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

அத்தனை பேர் முன்னால் என் வீட்டுக்காரர் கேட்டார். “இன்னா மச்சான், முன்னாடி இழுக்கவே இல்ல?” தம்பி என்னைப் பார்க்கவில்லை. “அக்காவுக்கு எந்தப் பக்கம் திருப்பறதுன்னு இன்னா தெரியும் பாவா? கொழம்பிகினு இருக்கும்” என்றான். நானும் நம்பினேன். அதற்குப் பிறகு அவர் ஜீப்பை மணலில் இறக்கவே இல்லை. வீட்டில் அது ஒரு சிரிப்புப் பேச்சாகிவிட்டது. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை போய்ப் பார்ப்பவளாக ஆனேன்.

அவர் போன பிறகு ஜீப் சும்மாவே நின்றது. இந்தப் பங்குனியில் கே.ஜி.கண்டிகை பட்டறைக்காரர் வந்து பிரித்தார். இடது மூடியைக் கழற்றியவர், “இங்க வந்து பாருங்கம்மா” என்றார். அச்சு முனையில் இருந்த பல்லெல்லாம் ராவி மழுங்கிப்போயிருந்தது. அதைப் பிடிக்க வேண்டிய வளையத்தையே போடவில்லை. அந்த இடத்தில் துணி அடைத்திருந்தது. கிரீஸில் கறுத்திருந்தாலும், மடிப்பைப் பிரித்தால் உள்ளே என் நீலப் புடவை.

“ஒரு பக்கம் பிடிக்கலன்னா இன்னொரு பக்கமும் இழுக்காதும்மா. நீங்க எப்படித் திருப்பியிருந்தாலும் ஒண்ணுதான்” என்றார் பட்டறைக்காரர்.

கை தவறுவது யாருக்கும் உண்டு. அது எனக்கு ஆறிவிடும். அம்மா கிடந்த இடத்தில் நின்றுகொண்டு அவன் சொன்னதுதான் ஆறவில்லை.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி செலுத்திவிட்டுத் தம்பி சாப்பிட வந்தான். மூடியைப் பார்த்தான்.

“இத்த ஏங்க்கா சாமிகிட்ட வச்சிகினு கீற? பழைய இரும்புக்குப் போடு.”

“நான் சிவப்புக்குத்தாண்டா திருப்பினேன்” என்றேன்.

இலையைப் பார்த்துக்கொண்டே, “ரசம் ஊத்துக்கா” என்றான். ஊற்றினேன்.

மூடி அங்கேயேதான் இருக்கிறது. துணியை மடித்து அதற்குள்ளேயே வைத்திருக்கிறேன். ஜீப் வேலை தெரிந்தவர்கள் யாராவது நான் எழுதியிருப்பதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். முக்கியமாக ஒன்று: மூடுகிறவன் கைக்குத் தெரியாமல் அந்தத் துணி உள்ளே போக ஏதாவது வழி இருக்கிறதா?